வாங்கும் முன் ஒருமுறை கட்டிப் பாருங்கள்: ஸ்லிங் நூலகம் நடத்துவது பற்றி

குழந்தைக்காகக் காத்திருப்பவர்களும் இப்போதுதான் குழந்தை பெற்றவர்களும் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி, "எந்த ஸ்லிங் வாங்கலாம்?" என்பதுதான். ஸ்லிங் என்றால் குழந்தையை உடம்போடு அணைத்துக் கட்டிச் சுமக்க உதவும் துணியோ பையோ. அந்தக் கேள்விக்கு ஒரு பெயரைச் சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வருவதில்லை. உங்கள் தோள் அகலமா குறுகலா, முதுகுவலி உண்டா, சிசேரியன் தழும்பு இன்னும் வலிக்கிறதா, குழந்தை சுருண்டு படுத்துக்கொள்ளும் வகையா, எந்நேரமும் தலையை நிமிர்த்திப் பார்க்கும் வகையா, வீட்டில் அதை யார் யார் கட்டப் போகிறீர்கள் என்று எதுவும் தெரியாமல் என்ன சொல்வது? ஒருவருக்கு அருமையாகப் பொருந்தியது இன்னொருவருக்குப் பத்து நிமிடத்தில் கழுத்தைப் பிடித்துவிடும். கட்டிப் பார்த்தால்தான் தெரியும். பெட்டியில் போட்டு விற்கும் பொருளைக் குழந்தையோடு கட்டிப் பார்த்து வாங்குவதோ பெரும்பாலும் நடக்காத காரியம்.

அதனால்தான் சில பெற்றோர் சேர்ந்து ஸ்லிங் நூலகம் ஒன்றைத் தொடங்கினோம். புத்தக நூலகம் மாதிரியேதான். வந்து பார்க்கலாம், கட்டிப் பார்க்கலாம், பிடித்ததை இரண்டு வாரமோ நான்கு வாரமோ எடுத்துப்போய் வீட்டில் பயன்படுத்திவிட்டுத் திருப்பித் தரலாம், வேண்டுமானால் இன்னொன்றை எடுத்துப்போகலாம். பிறந்த குழந்தைக்கு மிகவும் வசதியான இழுவைத் துணி ராப் (இழுத்தால் நீளும், உடம்பில் சுற்றிக் கட்டும் நீளமான துணி), குழந்தை கொஞ்சம் கனத்ததும் தொய்ய ஆரம்பித்துவிடும், சில மாதம்தான் அதன் காலம். அதை ஒவ்வொரு வீட்டிலும் புதிதாக வாங்கிச் சில மாதத்தில் அலமாரியில் மடித்து வைப்பதைவிட ஒரே ராப் பத்துக் குழந்தைகளைச் சுமப்பது நல்லது இல்லையா? பிரிட்டனில் இப்படிப்பட்ட நூலகங்கள் ஏராளம், பலவற்றைத் தன்னார்வலர்களே நடத்துகிறார்கள். இதே மாதிரி தொடங்க நினைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு. குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டால் கெட்டுப்போகும் என்ற பேச்சை நான் நம்புவதில்லை. 1986இல் ஹன்ஸிக்கர், பார் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கனடாவில் செய்த ஆய்வில், அழுகிறதோ இல்லையோ குழந்தையைத் தினமும் கூடுதலாகச் சில மணி நேரம் சுமக்கும்படி ஒரு பகுதித் தாய்மார்களைக் கேட்டுக்கொண்டார்கள். ஆறு வார வயதில் அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட 43 சதவீதம் குறைவாக அழுதன, மாலை நேரத்தில் 51 சதவீதம் குறைவு. மாலையில் ஓயாமல் அழும் குழந்தையோடு இருந்தவர்களுக்கு அந்த இரண்டாவது எண்ணின் அருமை தெரியும். ஆனால் அதே பாரின் குழு 1991இல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கனவே கோலிக் என்று சொல்லப்படும் கடும் அழுகை இருந்த குழந்தைகளுக்குக் கூடுதலாகச் சுமப்பதால் அழுகை குறையவில்லை என்று தெரிந்தது. இதையும் வருகிறவர்களிடம் சொல்லிவிடுகிறோம். எவ்வளவு தூக்கியும் குழந்தை அழுகிறதே என்று ஒரு அம்மா தன்னைத்தானே நொந்துகொள்ளக் கூடாது. அப்புறம் ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தினர் 2022இல் சொன்னது எங்களிடம் வரும் எல்லோருக்கும் பிடித்த செய்தி: அழும் குழந்தையை ஐந்து நிமிடம் தூக்கிக்கொண்டு நடங்கள், தூங்கியதும் உடனே கீழே கிடத்தாமல் ஐந்திலிருந்து எட்டு நிமிடம் மடியில் வைத்து உட்கார்ந்திருங்கள், அப்புறம் கிடத்துங்கள்.

சரி, என்னென்ன வாங்கி வைப்பது? தொடக்கத்தில் வகைக்கு ஒன்றிரண்டு போதும். நீளமான இழுவைத் துணி ராப், சுமார் ஐந்து மீட்டர், பிறந்த குழந்தைக்கு. நெய்த ராப், இது இழுபடாது, 4.6 மீட்டர் அளவு இருந்தால் பெரும்பாலானவர்களுக்குப் பெரும்பாலான கட்டுகளும் வரும், பிறந்ததிலிருந்து நடக்கிற பிள்ளை வரை தாங்கும், ஆனால் கட்டப் பழகக் கொஞ்சம் பொறுமை வேண்டும். இரண்டு வளையத்தில் துணியைக் கோர்த்து ஒரு தோளில் போடும் ரிங் ஸ்லிங். இடுப்பிலும் தோளிலும் நாடாவை முடிச்சுப் போடும் மே டாய், சீனாவில் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்த வடிவம். அப்புறம் பக்கிள் கேரியர், கொக்கிகளை மாட்டினால் முடிந்தது. இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், அதனால் இதில் மட்டும் வெவ்வேறு அளவுகளில் கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது.

இந்தப் பொருட்களின் வரலாற்றைப் பார்த்தால், கடையில் விற்கும் நவீன கேரியர்களில் பலவும் உலகின் ஏதோ ஒரு மூலையில் அம்மாக்களும் பாட்டிகளும் செய்துகொண்டிருந்ததைப் பார்த்து வந்தவைதான். 1960களில் மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோவில், பீஸ் கார்ப்ஸ் என்ற அமெரிக்கத் தொண்டு அமைப்பின் தன்னார்வலராக வேலை பார்த்த ஆன் மூர் என்ற அமெரிக்க நர்ஸ், அங்கே தாய்மார்கள் பிள்ளையை முதுகில் துணியால் கட்டியிருந்ததைப் பார்த்து ஊருக்குத் திரும்பியதும் செய்ததுதான் ஸ்னக்லி என்ற கேரியர். 1972இல் ஜெர்மனியில் இரட்டைக் குழந்தைகளோடு திணறிய எரிகா ஹாஃப்மன் நெய்த ராப்களை உருவாக்கத் தொடங்கியதற்குத் தூண்டுதலும் வேறு நாட்டிலிருந்து வந்த ஒரு சால்வைதான். ரிங் ஸ்லிங் 1980களின் தொடக்கத்தில் ஹவாயில் வந்தது. "குழந்தையைத் துணியில் கட்டுவதா, வினோதமாக இருக்கிறதே" என்று தயங்குபவர்களிடம் இதை நான் சொல்வேன்.

பொருட்கள் எங்கிருந்து வரும் என்றால், பெரும்பாலும் நன்கொடைதான். பிள்ளை வளர்ந்த வீடுகளில் சும்மா கிடப்பவை நிறைய. ஆனால் கொடுப்பதையெல்லாம் வாங்கி அலமாரியில் அடுக்கிவிட முடியாது. பிரபலமான பிராண்டுகளுக்குப் போலிகள் உண்டு, பார்வைக்கு அப்படியே இருக்கும், தையலும் கொக்கியும் எந்தச் சோதனையும் காணாதவை. தயாரிப்பாளர் பெயர், மாடல், தயாரித்த தேதி உள்ள லேபிள் இல்லாவிட்டால் நாங்கள் எடுப்பதில்லை. லேபிள் இருந்தால் அந்த மாடல் திரும்பப் பெறப்பட்டதா என்று தேடிப் பார்ப்போம். பிறகு நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொரு தையலையும் விரலால் தடவிப் பார்ப்போம், நாடாக்கள் கேரியரின் நடுப்பகுதியோடு சேரும் இடத்தில் நூல் பிரிந்திருக்கிறதா, துணி மெலிந்து வெளிச்சம் தெரிகிறதா, கொக்கியை மாட்டி இழுத்தால் விடுகிறதா, பிளாஸ்டிக்கில் மெல்லிய கீறல் இருக்கிறதா. வீட்டில் தைத்த ரிங் ஸ்லிங் வந்தால் முதலில் வளையத்தைப் பார்க்க வேண்டும். பற்றவைத்த இணைப்பே இல்லாத, எடை தாங்கச் சோதித்த அலுமினிய அல்லது நைலான் வளையம்தான் இதற்கு. கைவினைப் பொருள் கடையில் கிடைக்கும் வளையம் குழந்தையின் எடைக்கு ஆகாது. நன்கொடை தந்தவர் மனம் நோகும் என்று நினைத்து வளைந்து கொடுக்கவே கூடாத இடம் இது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஸ்லிங் நூலகத்துக்கு நிறையத் துணிகள் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இருபது ஸ்லிங் இருந்து, கட்டச் சொல்லித் தர ஆள் இல்லாத நூலகத்தைவிட ஐந்து ஸ்லிங்கும் பொறுமையான ஒரு ஆளும் உள்ள நூலகம் எவ்வளவோ மேல். வருகிற ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து, அவர் தன் கையால் குழந்தையைச் சரியாகக் கட்டும் வரை கூட இருக்கும் அந்த அரை மணி நேரத்துக்குத்தான் இந்த ஏற்பாடு முழுவதும். அது இல்லாமல் யாருக்கும் ஸ்லிங்கைக் கொடுத்தனுப்ப மாட்டோம், அவசரமாக வந்தாலும் சரி, தெரிந்தவரின் தங்கை என்றாலும் சரி, ஏற்கனவே யூடியூபில் பார்த்துவிட்டேன் என்றாலும் சரி.

இவ்வளவு பிடிவாதத்துக்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010 மார்ச்சில் ஒரு எச்சரிக்கை விட்டது. அதற்கு முந்தைய 20 ஆண்டுகளில் ஸ்லிங் தொடர்பான 14 குழந்தை இறப்புகளை ஆராய்ந்ததாகவும், அவற்றில் 12 குழந்தைகள் நான்கு மாதத்துக்கும் குறைந்த வயதினர் என்றும் சொன்னது. பைபோல ஆழமாகத் தொங்கிய ஒரு மாடல் அந்த மாதமே பெரிய எண்ணிக்கையில் திரும்பப் பெறப்பட்டது. ஆபத்து இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, துணியோ சுமப்பவரின் உடம்போ மூக்கையும் வாயையும் அடைத்துவிடுவது. கழுத்து நிற்காத குழந்தையால் தலையைத் திருப்பிக்கொள்ள முடியாது, ஓரிரு நிமிடம் போதும். இரண்டு, குழந்தை சுருண்டு தாடை நெஞ்சில் அழுந்தி மூச்சுக்குழாய் மடங்கிப் போவது. இதில் குழந்தை அழக்கூட அழாது, பார்க்கிறவருக்கு நன்றாகத் தூங்குவது போலத்தான் தெரியும். இதைச் சொன்னதும் சில பெற்றோர் முகம் வெளுத்து, வேண்டாம் என்று கிளம்பப் பார்ப்பார்கள். அவர்களை உட்கார வைத்து, இரண்டையும் எப்படித் தவிர்ப்பது என்று காட்டிவிட்டால் பயம் போய்க் கவனம் மட்டும் மிஞ்சும்.

பிரிட்டனில் ஸ்லிங் துறையில் இருப்பவர்கள் சேர்ந்து உருவாக்கிய டிக்ஸ் (TICKS, ஐந்து விதிகளின் ஆங்கில முதலெழுத்துகள்) என்ற ஐந்து விதியைத்தான் நாங்களும் சொல்லித் தருகிறோம். கட்டு இறுக்கமாக இருக்க வேண்டும், நீங்கள் கையால் அணைத்துப் பிடித்திருந்தால் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு. கண்ணைத் தாழ்த்தினால் குழந்தையின் முகம் எப்போதும் தெரிய வேண்டும். தலையைக் குனிந்தால் உச்சியில் முத்தமிட முடிய வேண்டும். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே குறைந்தது ஒரு விரல் இடைவெளி இருக்க வேண்டும். முதுகு சரியாமல் தாங்கப்பட்டிருக்க வேண்டும், குழந்தையின் முதுகில் கையை வைத்து மெதுவாக அழுத்தினால் அதன் முதுகு நிமிரவோ அது உங்களை நோக்கி நகரவோ கூடாது. இவற்றோடு கால்களையும் பார்க்க வேண்டும். துணி ஒரு முழங்காலின் பின்பக்கத்திலிருந்து மறு முழங்காலின் பின்பக்கம் வரை தாங்கி, முழங்கால்கள் பிட்டத்தைவிடக் கொஞ்சம் உயரமாக இருந்தால் இடுப்பு மூட்டுக்கு நல்லது. கால்கள் நேராகக் கீழே தொங்கும்படியான குறுகிய இருக்கை அவ்வளவு நல்லதில்லை என்பதை விளக்கி, அகலமானதை எடுத்துக்காட்டுவோம்.

இதற்கு ஒரு எடையுள்ள பொம்மை கட்டாயம் வேண்டும், மூன்று நான்கு கிலோ, தலை தொங்குகிற மாதிரி. ஆளுயரக் கண்ணாடி ஒன்றும் வேண்டும். முதலில் நாங்கள் பொம்மையோடு காட்டுவோம், பிறகு அவர் பொம்மையோடு, பிறகு அவர் குழந்தையோடு. நாங்கள் அவருக்காகக் கட்டிவிட மாட்டோம், இதில் சொல்லித் தருகிறவருக்குக் கட்டுப்பாடு தேவை, கை தானாக நீளும். அழகாகக் கட்டிவிட்டு அனுப்பினால் வீட்டில் அவிழ்த்ததும் மறுபடி கட்டத் தெரியாமல் துணி மூலைக்குப் போய்விடும். முடிச்சு கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, அவர் கையால் இரண்டு முறையாவது கட்டி அவிழ்த்திருக்க வேண்டும். முதுகில் கட்டும் பாடம் முதல் வருகைக்கு இல்லை, அதற்குக் குழந்தையின் தலை நன்றாக நின்றிருக்க வேண்டும், பக்கத்தில் இன்னொருவர் கை கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும், இழுவைத் துணி ராப் அதற்கு உதவவே உதவாது.

சிலரிடம் இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்ல வேண்டியிருக்கும். குறை மாதத்தில் பிறந்த குழந்தை, எடை குறைந்த குழந்தை, மூச்சுக் கோளாறோ சளியோ உள்ள குழந்தை என்றால் மருத்துவர் பார்த்துச் சரி என்ற பிறகே. குறை மாதக் குழந்தைகளுக்குத் தோலோடு தோல் அணைத்து வைப்பது எவ்வளவு பெரிய நன்மை என்பது 1978இல் கொலம்பியாவின் போகோட்டாவில் கங்காரு பராமரிப்பு தொடங்கியதிலிருந்து தெரிந்த விஷயம்தான், ஆனால் அது மருத்துவமனைக் கண்காணிப்பில் தொடங்கும் சிகிச்சை, நூலகத்திலிருந்து எடுத்துப்போகும் ராப் அதற்கு மாற்று ஆகாது. கேரியர்களிலும் குறைந்தபட்ச எடை போட்டிருக்கும், பலவற்றில் மூன்றரை கிலோ. அதைத் தாண்டாத குழந்தைக்குக் கொடுப்பதில்லை.

வருகிறவர்கள் யார் என்பதும் முக்கியம். தொடங்கும்போது அம்மாக்கள்தான் வருவார்கள் என்று நினைத்தோம். அப்பாக்களும் வருகிறார்கள், பகலில் பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிகளும், தத்தெடுத்த பெற்றோரும், இரட்டைக் குழந்தைக்காரர்களும். அதனால் விளம்பரத்திலும் படத்திலும் எல்லோரையும் காட்டுங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும், ஒரு கை வலுவில்லாதவருக்கும் பொருந்தும் வழிகள் உண்டு, கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டு அவரோடு சேர்ந்து தேட வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வில் இருப்பவர்களும் ஸ்லிங்கைச் சாக்காக வைத்து வருவார்கள், அவர்களுக்கு அன்றைக்குத் தேவை உட்கார ஒரு நாற்காலியும் அவசரப்படுத்தாத ஒரு முகமும்தான். மருத்துவ உதவிக்கு யாரை அணுகுவது என்ற விவரத்தை எழுதிக் கைவசம் வைத்திருங்கள். தாய்ப்பால், புட்டிப்பால், எங்கே தூங்க வைப்பது, வேலைக்குப் போவதா வேண்டாமா என்பதைப் பற்றியெல்லாம் கேட்காமல் கருத்துச் சொல்லாதீர்கள். குழந்தை வளர்ப்பில் உங்களுக்கு என்ன கொள்கை இருந்தாலும் அது நூலகத்தின் கொள்கை ஆகிவிடக் கூடாது. தள்ளுவண்டி பயன்படுத்துகிறவரும் நிம்மதியாக வந்து போகும் இடமாக இருக்கட்டும்.

கணக்கு வழக்கு எளிமையாக இருந்தால் போதும். ஒவ்வொரு ஸ்லிங்குக்கும் ஒரு எண், அந்த எண்ணில் ஒரு பக்கம்: எப்போது வந்தது, எந்த மாடல், யார் எடுத்தார், எப்போது திரும்பியது, சோதித்தவர் யார். எடுக்கிறவர் கையெழுத்திடும் தாளில் அவருக்குக் காட்டப்பட்ட கட்டு எது, குழந்தையின் வயது, எடை, ஸ்லிங்கோடு என்ன செய்யக் கூடாது என்பது இருக்க வேண்டும். கார் இருக்கைக்கு மாற்றாக அது ஆகாது, அடுப்பருகே வேலை செய்யும்போது கூடாது, சைக்கிள் ஓட்டவும் ஓடவும் கூடாது, துணியும் உங்கள் உடம்புச் சூடும் சேர்வதால் குழந்தைக்கு உடையைக் குறைத்துப் போட வேண்டும். தயாரிப்பாளரின் கையேடு தொலைந்திருந்தால் பிரதி எடுத்துப் பையில் வைத்துவிடுங்கள். திருப்பித் தரக்கூடிய முன்பணமும் சிறு வாடகையும் வாங்கலாம், துவைக்கவும் பழுதானதை மாற்றவும் அது உதவும். ஆனால் கொடுக்க முடியாதவரிடம் காரணம் கேட்காமல் விட்டுவிடும் ஏற்பாடு முதல் நாளிலேயே இருக்க வேண்டும். பொறுப்புக் காப்பீடு பற்றித் தெரிந்தவரிடம் கேட்டுவிட்டுக் கதவைத் திறங்கள். விற்பனையாளர் யாரிடமும் கமிஷன் வாங்காதீர்கள். நீங்கள் சொல்லும் யோசனையில் வேறு யாருடைய லாபமும் கலந்திருக்கக் கூடாது.

துவைப்பது நான் எதிர்பார்த்ததைவிடப் பெரிய வேலை. மணம் இல்லாத மென்மையான சோப்பு, துணியை மிருதுவாக்கும் திரவம் வேண்டவே வேண்டாம், அது இழையில் படிந்து பிடிப்பைக் குறைக்கும். பிளீச் கூடாது. பக்கிள் கேரியரை ஒவ்வொரு முறையும் முழுதாக முக்கித் துவைத்தால் சீக்கிரம் தேய்ந்துவிடும், அழுக்கான இடத்தை மட்டும் துடைத்து, எச்சில் படும் தோள்பட்டையில் கழற்றித் துவைக்கும் உறை போட்டுக் கொடுத்தால் ஆயுள் கூடும். நிழலில் காய வையுங்கள். புகை பிடிக்கும் வீடு, செல்லப் பிராணி உள்ள வீடு என்பதையும் பதிவில் குறித்துக்கொண்டால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு எதைக் கொடுப்பது என்று முடிவு செய்ய வசதி.

திரும்பி வந்ததும் எடுத்தவர் எதிரிலேயே விரித்துப் பார்ப்பது நல்ல பழக்கம். குறை சொல்வதற்காக அப்படிச் செய்வதில்லை. "இந்த நாடா அடிக்கடி தளர்ந்தது", "இங்கே ஏதோ சத்தம் வந்தது" என்று அவர் சொல்வதிலிருந்துதான் பழுது முதலில் தெரியவரும். பயன்படுத்தியவர் சொல்லாததை எந்தச் சோதனையும் முழுதாகக் காட்டிக்கொடுக்காது. பாரம் தாங்கும் தையல் பிரிந்திருந்தாலோ கொக்கியில் விரிசல் இருந்தாலோ வீட்டில் ஊசி நூலால் சரிசெய்து மறுபடி சுற்றுக்கு விடாதீர்கள். தயாரிப்பாளரிடம் அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள், முடியாவிட்டால் அதன் பதிவுப் பக்கத்தில் கோடு போட்டு விலக்கிவிடுங்கள். விலக்கியதை அப்படியே குப்பையில் போடுவதும் ஆபத்துதான், யாராவது எடுத்துத் துவைத்துத் தன் குழந்தைக்கு மாட்டிவிடக்கூடும். தோள் நாடா இரண்டையும் இடுப்பு நாடாவையும் குறுக்கே வெட்டி, லேபிளைப் பிய்த்து எடுத்த பிறகே தூக்கிப் போடுங்கள்.